விருது வாங்கியவளுக்குக் கண்ணூறு

ரோமில் வருடா வருடம் நடக்கும் அந்தப் பெரிய சினிமா விருது விழாவில், யார் என்ன உடுப்பு உடுத்தி வந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் முக்கால்வாசிப் பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். அந்த வருடம் நானும் சிஞ்ஞோராவும் ஒருத்தருடைய உடுப்பையும் பார்க்கவில்லை. மேடையில் ஒரு நடிகையின் கையிலிருந்த வெள்ளை உறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிஞ்ஞோரா, பலெர்மோவில் நான் வேலை செய்த வீட்டுக்கார அம்மா. எழுபது தாண்டியவர். போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கலியாணம் கட்டாத ஒரே மகளோடு இருந்தார். அந்த மகள் எடுத்த ஆவணப்படம்தான் விருதுக்குத் தெரிவாகியிருந்தது. கப்பம் கொடுக்கமாட்டோம் என்று நிமிர்ந்து நின்ற எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பற்றிய படம். கப்பம் என்றால் என்னவென்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

உறையைக் கிழித்துப் பெயரை வாசித்தார்கள். சிஞ்ஞோரா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. வீட்டில் போடுகிற அதே கறுப்புக் காற்சட்டையோடு மகள் மேடையேறி, சிலையை வாங்கி, இது எங்கள் தெருக் கடைக்காரர்களுடையது என்றாள். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சிஞ்ஞோரா அழுதார். எனக்கோ பயமாயிருந்தது. எத்தனை கண்! ஒரு நாடே உட்கார்ந்து ஒருத்தியைப் பார்க்கிறது.

முழுக்க அன்பினால் வந்த பயம் என்று சொன்னால் பொய். யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்த என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நாலு வருடமாகப் பிள்ளையைத் தொலைபேசியில்தான் வளர்த்தேன். அவளைக் கூப்பிடுவதென்றால், எனக்கு வேலையும் அவளுக்கு ஓர் அறையும் தருகிறோம் என்று வேலை கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் குவெஸ்தூராவில் காட்டவேண்டும். பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைக் கொடுக்கிற பொலிஸ் கந்தோர் அது. சிஞ்ஞோராவுக்குக் கை நடுங்கும் என்பதால் என் வேலைப் பத்திரமெல்லாம் அவருடைய மகள் பெயரில்தான் இருந்தது. குவெஸ்தூராவில் எனக்குத் தந்திருந்த நாள், விருது விழாவுக்கு மறுநாள் விட்டு அடுத்த நாள் காலை. அந்தத் திகதிக்காக மாதக்கணக்காய் அலைந்திருந்தேன். மகள் மறுநாள் மத்தியானம் விமானத்தில் வந்து, ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் உறவுகளோடு மீன் சாப்பாடு சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அதுவரை அவளுக்கு ஒன்றும் நேரக்கூடாது. அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கபோ பகுதியிலிருந்த என் அறையிலிருந்து நடந்து வந்துவிட்டேன். சிஞ்ஞோரா நன்றி சொல்லக் கோயிலுக்குப் போயிருந்தார். நல்லதாய்ப் போயிற்று. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, மஞ்சள் கரைத்து, வெற்றிலைக்கு வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பில் ஒரு துளி போட்டேன். மஞ்சள் தண்ணீர் சிவந்தது. கூடத்தில் மாட்டியிருந்த மகளின் பெரிய படத்துக்கு முன்னால் மூன்று தரம் சுற்றினேன். கண்ட கண், காணாத கண் எல்லாம் போக என்று சொல்லிக்கொண்டேன். ஆள் ரோமில் இருக்க இஞ்சை படத்துக்குச் சுற்றுவது செல்லுமா என்று யாரைக் கேட்பது?

சுற்றிய தண்ணீரை வீதியில் கொண்டுபோய் ஊற்றவேண்டும். கீழே இறங்கினேன். அந்த நேரம் பார்த்து ஒரு வான் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்கள் பார்க்கப்போகிறார்களே என்ற அவசரத்தில், வாசற்படியிலேயே ஊற்றிவிட்டு மேலே ஓடிவந்துவிட்டேன். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று நினைத்த என் மூளையை என்ன சொல்ல?

கால் மணித்தியாலம் போயிருக்காது. கீழே கட்டடக் காவலாளி கத்துகிற சத்தம் கேட்டு பல்கனிக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கே தெரிந்தது. வெள்ளைச் சலவைக்கல் படி மூன்றிலும் சிவப்பு வழிந்து கிடந்தது. படிக்குக் கீழே, பிரார்த்தனைப் புத்தகத்தோடு சிஞ்ஞோரா ஆடாமல் அசையாமல் நின்றார். சந்தையிலிருந்து வந்தவர்கள் தள்ளி நின்று பார்த்தார்கள், ஒருவரும் கிட்ட வரவில்லை. கப்பக்காரரை நாடறியக் காட்டிக்கொடுத்தவளின் வாசலில், அவள் விருது வாங்கிய மறுநாள் காலை, இரத்தம்.

பொலிஸ் வந்தது. சிஞ்ஞோராவின் தம்பி வந்தார். வந்ததும் ரோமுக்குத் தொலைபேசி எடுத்து, விமானம் ஏறவேண்டாம் என்று மருமகளுக்குச் சொன்னார். பிறகு மீன் சாப்பாட்டுக் கடைக்கு எடுத்து, மேசையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் கணவருக்கு எடுத்தேன். அவர் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை பார், வாயைத் திறக்காதை," என்றார். "பொலிஸைப் பேய்க்காட்டினதெண்டு பெர்மெஸோவைப் பறிச்சாங்களெண்டால் பிள்ளையும் வராது, நாங்களும் இருக்கேலாது. கிண்ணத்தைக் கழுவி வைச்சிட்டுப் பேசாமல் இரு."

"அந்தப் பிள்ளை வராட்டில் கடிதத்திலை ஆர் கையெழுத்து வைக்கிறது?"

"வேறை நாள் கேப்பம். முதல்லை கிண்ணத்தைக் கழுவு."

குழாயைத் திறந்தேன். கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பு ஒட்டியிருந்தது. அப்போது கூடத்திலிருந்து சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. தம்பியிடமிருந்து தொலைபேசியை வாங்கி மகளோடு கதைத்தார். "வராதை. நான் செத்தாலும் வராதை. வீட்டுக்கு வராதை." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார்.

நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் என் பிள்ளையிடம் 'கெதியிலை வந்திடுவாய்' என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். பெற்றவள் ஒருத்தி வராதே என்று சொல்ல, அதற்குக் காரணமான கிண்ணத்தை நான் நின்று கழுவுகிறேன். என்னால் முடியவில்லை. குழாயை மூடினேன்.

தண்ணீர் பிடித்த கிண்ணம், மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். "நான்தான் ஊத்தினன்," என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. பொலிஸ்காரருக்கு முன்னால் மேசையில் கிண்ணத்தை வைத்து மஞ்சளைக் கரைத்தேன். பாதி வெளியில் சிந்தியது. சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். எல்லாரும் பார்த்திருக்கத் தண்ணீர் சிவந்தது.

பொலிஸ்காரர் விரலை விட்டு மணந்து பார்த்தார். தம்பியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "இவளை இப்பவே வெளியிலை அனுப்பு!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். பொலிஸ்காரர் என் பெர்மெஸோவை வாங்கி, இலக்கத்தைக் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றாய் எழுதினார். அந்தப் பேனை நகர நகர, பிள்ளை இன்னும் தூரத்துக்குப் போவதாய் எனக்கு இருந்தது.

"கண் படாமலிருக்கவோ?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"ஓம்."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து, ஒரு சூப் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். தட்டில் தண்ணீர், அதில் எண்ணெய்த் துளிகள் மிதந்தன. கண்ணூறுக்கு அவர்கள் ஊரில் செய்கிற வழி அது. விழா முடிந்த கையோடு, ஒருவருக்கும் தெரியாமல் அவரும் செய்து ஒளித்து வைத்திருக்கிறார். தம்பியார் ரோமுக்கு மறுபடி தொலைபேசி எடுத்து, வரலாம் என்றார். பொலிஸ்காரர் எழுதிய பக்கத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்து, பெர்மெஸோவைத் திருப்பித் தந்தார். "படியைக் கழுவிவிடு," என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மகள் பின்னேர விமானத்தில் வந்தாள். சமையலறை மேசையில் சிலையை வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். நடந்ததைச் சொல்லிச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "அம்மா வராதை எண்டு சொன்ன குரலை நான் மறக்கமாட்டன்," என்றாள். "நாளைக்கு உண்மையாயே ஆரும் வந்து ஊத்தினால்?"

இரண்டு மாதத்தில் தூரினோ நகரத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கிண்ணம் தண்ணீரால் ஒரு தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துவிட்டேன் என்ற எண்ணம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. சிஞ்ஞோரா அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அந்தக் கையெழுத்தோடு என் பிள்ளை வந்து சேர அடுத்த வருடமாகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து நேரே அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் மாடி வாசலில் சிஞ்ஞோரா எங்களை மறித்தார். உள்ளே போய், அந்த வெள்ளைக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். என் மஞ்சள் போத்தலை எடுத்துக் கரைத்திருக்கிறார். சுண்ணாம்பு போடவேண்டுமென்பதை மறந்துபோனார், தண்ணீர் வெறும் மஞ்சளாகவே இருந்தது. நடுங்கும் கையால் என் மகளுக்கு மூன்று தரம் சுற்றினார்.

"சரியோ?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம், சரி," என்றேன்.

கீழே வீதிக்குக் கொண்டுபோய் ஊற்றவென்று கையை நீட்டினேன். அவர் கிண்ணத்தைத் தரவில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவுகிற தொட்டியில் ஊற்றினார்.