குங்குமம் வைத்த கொக்கி

வெல்டிங்கைச் சோதிக்கிற வேலையில் நெருப்பு கம்மி, சூடு ஜாஸ்தி. எங்கேயோ ஒரு மூலையில் உட்கார்ந்து "இது சரியில்லை" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். எம்.இ. படிக்கும் என்னைக் கல்லூரி பயிற்சிக்காகச் செங்கம் ரோட்டில் ஒரு பட்டறைக்கு அனுப்பியது. அங்கே ராணுவ லாரிகளின் இழுவைக் கொக்கிகளைப் பழுதுபார்த்தார்கள். மலைப்பாதையில் நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டி இழுத்துப்போவது அந்தக் கொக்கியை நம்பித்தான். அது பிய்ந்தால் பின்னால் வருகிற வண்டி பள்ளத்தில். நான் "சரி" என்றால்தான் லாரி வெளியே போகும்.

மல்லாந்த பாடம்

வெல்டர் ஏழுமலை அண்ணன் தேர்வுக்காக ஒரு தகட்டை மேசையில் வைத்து ஒட்டினார். வளைத்துப் பார்த்தோம், விரிசலே இல்லை. பாஸ். ஆனால் கொக்கி இருப்பது வண்டிக்கு அடியில். மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே ஒட்ட வேண்டும். உருகின இரும்பு கீழே வழியப் பார்க்கும். அதற்குத் தனித் தேர்வு உண்டு என்று வாதாடினேன். முதலாளி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, இட்லி ஊத்தத் தெரிஞ்சவனுக்கு தோசை ஊத்தத் தெரியாதா?"

பௌர்ணமி

விடாமல் கேட்டு நான் வைத்த தோசைத் தேர்விலும் ஏழுமலை அண்ணன் பாஸானார். ஆனால் பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் தன் வீட்டு வாசலில் கிரிவலக் கூட்டத்துக்கு இளநீர் விற்பார், பட்டறைக்கு வரமாட்டார். அவசரம் என்று ஒரு கொக்கியை முதலாளியின் மச்சான் குமார் ஒட்டிவிட்டார். ஊரில் பாதி லாட்ஜ்களின் ஜன்னல் கிரில் அவர் போட்டது. ஜன்னல் எந்த வண்டியையும் இழுப்பதில்லை என்று நினைவூட்டினேன். தேர்வில் பாஸாகாதவர் எப்படி ஒட்டலாம் என்றும் கேட்டேன்.

"ஏழுமலை அண்ணனோட மாஸ்க்கைத்தாங்க மேடம் போட்டுனு ஒட்டினேன்."

சிவப்புக் கோடு

அந்தக் கொக்கியில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளை மருந்து அடித்தேன். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்த சாயம் கோடாக வெளியே வரும். வந்தது. வெள்ளிக்கிழமை பூஜையில் வைத்த குங்குமம் என்றார் முதலாளி. நியாயமான சந்தேகம்தான், அங்கே பொட்டு வைக்காத இரும்பே கிடையாது. தின்னர் ஊற்றித் தேய்த்து, முதலிலிருந்து எல்லாம் செய்தேன். அதே இடம், அதே கோடு, கொஞ்சம் நீளமாக. குங்குமம் வளருமா சார் என்று கேட்டேன்.

"சாமி பொட்டு லேசுல போவாதும்மா. நீ சரின்னு சொல்லலன்னா உன் சர்டிபிகேட்டும் காலேஜுக்குப் போவாது."

சாவி

லாரியை எடுக்க வந்த ராணுவ டிரைவர் போளூர்க்காரர். முதலாளி சாவியை நீட்ட, நான் குறுக்கே போய்க் கோட்டைக் காட்டினேன். "பொண்ணு புக்கு ஜாஸ்தி படிச்சிட்டு பயப்படுது. எவ்ளோ வண்டி வேணா இழுக்கும், நான் கேரண்டி" என்றார் முதலாளி. டிரைவர் குனிந்து பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டார். அப்புறம் முதலாளியிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"அப்ப வாங்க மொதலாளி, ஜவ்வாது மலைக்கு ஒரு ரவுண்டு போலாம். நான் முன்னாடி இழுக்குறேன், நீங்க பின்னாடி வண்டில குந்துங்க."

கொக்கியை அன்றே வெட்டியெடுத்து ஏழுமலை அண்ணன் மறுபடி ஒட்டினார், என் சர்டிபிகேட் இன்னும் வரவில்லை, தர விதிகளை எழுதியவர்கள் மட்டும் முதலாளியைப் பின்வண்டியில் உட்காரவை என்று முதல் விதியிலேயே எழுதியிருந்தால் மீதிப் பக்கங்கள் மிச்சமாகியிருக்கும்.