துவக்குக்கு ஒரு புகைபோக்கி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, லொங்குய் என்ற ஊரில் ஒரு கடையில் நின்றோம். எங்களுக்கு வேண்டியது விரல் நகமளவு ஒரு சாமான். கடைக்காரப் பெண்ணோ, உங்கள் வீட்டுக் கூரை எவ்வளவு உயரம் என்று என்னைக் கேட்கிறாள்...

கணவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் விறகு அடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். பியர்பொன்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜில். கோடையில் பழையகாலப் படைவீரர் உடுப்பில் அணிவகுத்து, குண்டில்லாமல் வெறும் மருந்து போட்டுச் சுட்டுக்காட்டும் குழுவில் இருக்கிறார். இந்த வருடம் என் கணவரையும் சேர்த்துவிட்டார். தன்னிடம் இருந்த இன்னொரு துவக்கையும் கொடுத்தார். பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த துவக்கு.

துவக்குச் சத்தம் வேண்டாமென்று நாட்டை விட்டு வந்தவர்கள் நாங்கள். இப்போது துவக்குக்குச் சாமான் தேடியே என் சனிக்கிழமைகள் போகின்றன. யாரிடம் போய்ச் சொல்ல?

அந்தத் துவக்கில், சுத்தியல் வந்து அடிக்கும் இடத்தில் ஒரு சின்ன இரும்புக் குழாய் திருகியிருக்கும். அதன் தலையில் ஒரு செப்புத் தொப்பியை மாட்டினால்தான் வெடிக்கும். அந்தக் குழாய் வெடித்துப் பிளந்துவிட்டது. ஜில் அதை 'ஷெமினே' என்றார். பிரெஞ்சில் வீட்டுப் புகைபோக்கிக்கும் அதே பெயர்! இவர் தன் பிரெஞ்சில் தானே கடைக்குப் போன் பண்ணி, ஷெமினே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நிறைய இருக்கிறது, வாருங்கள் என்றிருக்கிறார்கள்.

பிறகு இன்டர்நெட். முதலில் வந்த குழாய் உள்ளேயே போகவில்லை. அடுத்தது போனது — ஆனால் ஆடியது. ஒன்டாரியோவில் இருந்த விற்பனைக்காரருக்குப் போன் போட்டோம்.

"துவக்கு எங்கே செய்தது? இத்தாலி என்றால் திருகுப் புரி மில்லிமீட்டர் அளவு. அமெரிக்கா என்றால் அங்குலப் புரி."

துவக்கின் கட்டையைக் கழற்றிப் பார்த்தால், இரும்பின் அடியில் 'இந்தியா' என்றிருக்கிறது.

"அப்படியென்றால் புரி கையால் வெட்டியதாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. என்னிடம் இல்லை."

நகல் என்றால் எல்லாம் ஒரே மாதிரி என்றுதானே நினைப்போம்? ஆளாளுக்கு நகல் எடுத்தால், ஒரு நகல் இன்னொன்றுக்குப் பொருந்தாது போல.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் பின்னேரம், இவர் கராஜில் இருந்தபடி அந்த ஆடுகிற குழாய்க்கு வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறியள்?"

"சுத்தினா இறுகிப் பிடிக்கும். நாளைக்கு மட்டும்தானே."

"அது தண்ணிப் பைப்புக்குச் சுத்திறது. வெடிக்கேக்க கழண்டு முகத்துக்கு வந்தா?"

"துறைமுகத்தில என்னோட வேலை செய்யிற எல்லாரும் வருவினம். நான் சும்மா நிக்கிறதே?"

நான் நேரே போய் ஜில்லைக் கூட்டிவந்தேன். டேப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இப்படித்தான் தன் நண்பர் ஒருவருக்கு ஒரு கண் போனது என்றார். குழாயைத் திருகிக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். "நாளைக்கு வரிசையில் நில். தூக்கிப் பிடி. அவ்வளவுதான்." இவர் அன்றிரவு சாப்பிடவில்லை.

அடுத்த நாள் கட்டளை வந்தது. மற்ற எல்லோரும் சுட்டார்கள். நான் என்னையறியாமல் குனிந்துவிட்டேன். ஒரே புகை... யார் சுட்டது, யார் சுடாதது, ஒன்றும் தெரியவில்லை.

துறைமுகத்துப் பெடியன்கள் ஓடிவந்து இவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

"அண்ணை, உங்கட வெடிதான் பெரிசாக் கேட்டது."

இவர் என் பக்கம் பார்க்காமல், "ஓம்... கேட்டிருக்கும்" என்றார்.