ஓக் பலகைக்கு அடியில்

எருமப்பட்டியில் நாங்கள் கட்டிய வீட்டு ஹாலுக்கு, மகன் ஆசைப்பட்டு ஓக் மரத்தரை போட்டான். பால் காய்ச்சிய அன்று உள்ளே அழைத்து வந்த பசு, அதன்மேல் கோமியம் விட்டது.

துணியோடு ஓடினேன். "மகாலட்சுமியே வந்திருக்குது, தொடைக்காதீங்க நங்கை" என்று, அண்ணியான என்னை நாத்தனார் தடுத்தாள். ஈரம் ஆகாது என்று மரம் போட்டவர் சொன்னது நினைவிருந்தும், ஏதாவது குற்றமாகிவிடுமோ என்று பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

பதினைந்தே நாளில் பலகை உப்பி, வீடே மூத்திர நாற்றம் அடித்தது. ஒன்றைப் பெயர்த்தால் அடியில் கறுத்த கசடு, அதில் நெளியும் புழுக்கள். அந்த இடத்தில்தான் பேத்தி தவழ்ந்துவிட்டு விரல் சூப்புவாள். அவளைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். டாக்டர் பயமில்லை என்ற பிறகும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது சொந்தக்காரர் வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனாலும், பசுவைக் கும்பிட்டுவிட்டு அதன் பின்னாலேயே துணியோடு நிற்கிறேன். நாத்தனார் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.