இரண்டாவது தடவை கேட்டால்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டால் நேராக விழும். தாளில் விழமாட்டேன் என்கிறது. அதிலும் இன்றைக்கு நாலு வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நான் லேடீஸ் டெய்லர். பிளவுஸ் மட்டும்தான் தைக்கிறேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் பெண்களிடம் பேசுவதற்குக் கூச்சம் போகவில்லை. டேப் வைத்து அளவு எடுப்பது என் மனைவி. வாடிக்கைக்காரிகள் வந்தால் நான் தையல் மிஷினை விட்டுத் தலையை நிமிர்த்தமாட்டேன். பழைய பிளவுஸ் ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டால் எனக்குப் போதும். ஆளுடைய முகம் தெரியாமலேயே தோளும் கையும் கழுத்தும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

பேச்சு முழுக்க மனைவியுடையது. அதில் எங்கள் சந்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. துணியோடு வருகிறவள் ‘எப்பக்கா கிடைக்கும்?’ என்பாள். என் மனைவி உடனே ‘வியாழக்கிழம வா’ என்பாள். துணி மேஜைக்கு வந்துவிடும். வந்தவள் படி இறங்குமுன் திரும்பி, ‘நெசமா?’ என்று கேட்பாள். அப்போது மனைவி சிரித்துக்கொண்டே, ‘சனிக்கிழம சாயந்தரம் வாட்டி’ என்பாள். இரண்டாவது பதில்தான் பதில். முதல் பதில் துணியை இறக்கி வைக்க. முதலிலேயே சனிக்கிழமை என்றால் அடுத்த கடைக்காரன் புதன் என்பான், துணி அங்கே போய்விடும். அவனும் தைத்துக் கொடுப்பது சனிக்கிழமைதான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி கோபர்கைரனேயில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாளாகிவிட்டேன். போன் அடித்தால் நாலைந்து தடவை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். எடுத்தால் ‘ம்’ என்பேன், பிறகு எனக்கு வார்த்தை வராது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். என் போனை வாங்கி என்னென்னவோ செய்தாள்.

“ஏஐ அசிஸ்டென்ட்ப்பா. வாட்ஸாப்ல யாரு என்ன கேட்டாலும் இதுவே பதில் சொல்லும். தமிழ், ஹிந்தி, இங்கிலீஷ் எல்லாம். நீங்க வாயத் தெறக்க வேணாம். கவலையில்லாம பிந்தாஸா தையுங்க.”

“தப்பா எதும் சொல்லிட்டா?”

“நாம என்ன சொல்லிக் குடுக்கோமோ அதத்தான் சொல்லும். சொல்லுங்க, பிளவுஸுக்கு எத்தன நாளு?”

நான் வாரக் கணக்கு சொன்னேன். திங்கள், செவ்வாயில் துணி வந்தால் வியாழன் என்றேன். மனைவி வாசலில் சொல்வது அதுதானே. இரண்டாவது பதிலைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை.

அன்றிலிருந்து போன் அடிப்பது நின்றது. ‘டிங்’ என்ற சத்தம் மட்டும். நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒவ்வொரு ‘டிங்’குக்கும் என் பெயரில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். ‘எங்களைத் தொடர்புகொண்டதற்கு மிக்க நன்றி’ என்று எழுதும். நான் ஆயுசில் அப்படி யாரிடமும் பேசியதில்லை. ‘வியாழக்கிழமை’ என்ற சொல் மட்டும் கண்ணில் படும். சரி, மனைவி சொல்கிற மாதிரிதான் சொல்கிறது என்று மிஷினுக்குத் திரும்பிவிடுவேன். கவனம் சிதறி ஊசி விரலில் ஏறியதும் உண்டு.

மனைவி போனில் கேலி செய்தாள். “என்ன சொல்லுதா, புதுசா வந்தவ? நல்லா பேசுதாளா?”

“ஒன்னவிட மரியாதயாப் பேசுதா.”

“அப்ப சந்துல ஒருத்தியும் நம்பமாட்டா, பாருங்க.”

அவள் சொன்னது தலைகீழாக நடந்தது. அடுத்து வந்த வியாழக்கிழமை காலையில் மழை விடாமல் பெய்தது. கடையைத் திறந்ததும் எதிர் வீட்டுக்காரி குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, பிளவுஸக் குடுங்க.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “சனிக்கிழமல்லா” என்றேன்.

“நல்லாருக்கே! நான் ரெண்டு தடவ கேட்டேன். ஒங்க போனு ரெண்டு தடவையும் வியாழன்னுல்லா சொல்லிச்சு. அக்கா ஒரு நாளாவது அப்படிச் சொல்லியிருக்காவளா? அதான் நெசம்னு வந்தேன்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனுக்கு மாற்றிப் பேசத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் அதையே இரண்டாவது பதில் என்று நம்பியிருக்கிறார்கள். அப்படியானால் இன்னும் யார் யார்? போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடியது. அதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் தாண்டி ஒரு அக்கா வந்தாள். முன்பு எங்கள் சந்தில் இருந்து, பிறகு கல்யாண் என்ற ஊருக்குக் குடிபோனவள். அவள் மகளுடைய கல்யாண பிளவுஸ் என் கடையில் இருந்தது. துணியையும் அளவு பிளவுஸையும் சொந்தக்காரன் ஒருவன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். தேதி எதுவும் அவன் சொல்லவில்லை. அரக்குப் பட்டு. வெட்டி, லைனிங் வைத்து, உடம்புப் பகுதியை மட்டும் மூட்டித் தைத்திருந்தேன். கையும் கழுத்தும் பாக்கி.

அவள் கையில் இரண்டு பை, நனைந்த சேலை. இங்கிருந்து நேராகச் செம்பூர் மண்டபத்துக்குப் போகிறாளாம்.

“எடுங்கண்ணாச்சி. நாளைக்குக் காலம்பற ஆறரைக்கு முகூர்த்தம்.”

என்னால் எடுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அவள் மேஜையைப் பார்த்தாள். கையில்லாத பிளவுஸைப் பார்த்தாள். தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். வெள்ளிக்கிழமை கல்யாணம் என்று எழுதியிருக்கிறாள். ‘திருமண வாழ்த்துகள்! வியாழக்கிழமை தயாராக இருக்கும்.’ கீழே அவள், ‘நெசமா?’ அதன் கீழே, ‘ஆம், நிச்சயமாக.’

என் மனைவி இருந்திருந்தால் முகூர்த்தம் என்றைக்கு என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். கல்யாணத் துணிக்கு எங்களிடம் முதல் பதில், இரண்டாவது பதில் கிடையாது.

“அண்ணாச்சி, என்னயப் பாத்துச் சொல்லுங்க. ஆகுமா, ஆகாதா?”

நிமிர்ந்தேன். அவள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். “வெளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆயிரும்க்கா.”

“நெசமா?”

“நெசமா.”

“இதத்தான் ஒங்க போனும் சொல்லிச்சு” என்றாள். நான் மிஷின் பக்கம் திரும்பினேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் என் கை ஓடாது. நூல் அறுந்தது. ஒரு கையைத் தலைகீழாக மூட்டிவிட்டுப் பிரித்தேன். பட்டைப் பிரித்தால் ஓட்டை தெரியும் என்று உயிர் போய்விட்டது. இதற்கு நடுவே மேஜையில் ‘டிங்’, ‘டிங்.’

“அத மொதல்ல அமத்துங்க. அங்க யாருக்கு வியாழக்கிழம சொல்லிக்கிட்டு இருக்கோ!”

போன் சத்தத்தை அமர்த்தினேன். அவள் முன்பக்கத்தைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு கொக்கி தைக்க ஆரம்பித்தாள். நான் கையைச் சேர்க்க, அவள் கொக்கி வைக்க, ஒரே துணியை இரண்டு பேரும் இரண்டு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தோம். விளக்கு வைக்கும் நேரமும் தாண்டியது. ஒரு கையின் ஓரம் மடித்து அடிப்பது பாக்கி. அவள் எழுந்துவிட்டாள்.

“ஊசியும் நூலும் குடுங்க. டாக்ஸில போட்டுக்கிடுதேன்.”

மழையில் போய்விட்டாள். பிறகு ஒரு தகவலும் இல்லை. கல்யாணப் பெண்ணுக்குக் கை ஏறியதா? பிரித்த இடம் தெரிந்ததா? போட்டோ வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கேட்கவும் கூச்சம்.

மகளிடம் சொன்னபோது, “நெசமான தேதியவே போட்டுருவோம்ப்பா, வம்பு, லஃபடாவே இல்ல” என்று சனிக்கிழமை என மாற்றிவிட்டாள். துணி குறையவில்லை, அது ஆச்சரியம். ஆனால் சந்துக்காரிகள் சனிக்கிழமை என்றால் திங்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தைத்த பிளவுஸெல்லாம் ஆணியில் தொங்குகிறது. வாசலில் ஆள் நிழல் ஆடினால் எழுந்துவிடுகிறேன், உட்கார்ந்தால் போனைப் பார்க்கிறேன்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு ‘டிங்.’ அந்த அக்கா. மகளை ஆடிக்கு அழைக்கிறார்களாம், ஒரு பிளவுஸ் வேண்டுமாம். கல்யாண பிளவுஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. சனிக்கிழமை என்று பதில் போனது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே வந்தது: ‘நெசமா?’ அதற்கு ‘ஆம்’ என்றும் போய்விட்டது, நான் வாயைத் திறப்பதற்குள்.

மகள் காட்டித் தந்த மைக்கை அழுத்திப் பிடித்தேன். “அக்கா, நான்தான் பேசுதேன். டெய்லரு. சனிக்கிழமதான்.” அவ்வளவுதான் வந்தது. கூடவே மழைச் சத்தமும் போயிருக்கும். அவள் கேட்டுவிட்டாள் என்பதற்கு அடையாளமாக இரண்டு கோடும் நீலமானது. பதில் இல்லை. மறுநாள் அதே சொந்தக்காரன் துணியைக் கொண்டுவந்து போட்டான். அளவுக்கு அவன் கொடுத்தது அந்த அரக்குப் பட்டு பிளவுஸ். பிரித்து மூட்டிய கையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் அவள் டாக்ஸியில் அடித்த தையல் கோணலாக, ஆனால் அழுத்தமாக இருந்தது.

புதுப் பிளவுஸ் முடிந்து ஆணியில் தொங்குகிறது. நாளைக்கு வருவாளா, திங்கட்கிழமை வருவாளா தெரியவில்லை. அதுவரை மிஷினில் உட்கார முடியாது என்பதால் இதை எழுதினேன்.

ஆனி 27, வெள்ளிக்கிழமை.