தொண்ணூற்றொன்பது காட்டிய விரல்

உங்கள் விரலை ஒரு சின்னக் கருவி கவ்விப் பிடித்து, ரத்தத்தில் பிராணவாயு தொண்ணூற்றொன்பது என்று காட்டினால் நம்புவீர்களா, மாட்டீர்களா? இஸ்திரி அக்கா நம்பினாள்.

சட்டை தைக்கும் பட்டறை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. தைத்து முடிந்த சட்டைகளைத் தேய்த்து மடிப்பது அக்காவின் வேலை. பெற்றோர் போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கி, அதே பட்டறையில் பொத்தான் தைக்கச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். தங்கையை எல்லோரும் ‘வாயாடி’ என்பார்கள். அக்காவை வம்புக்கு இழுக்காவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

மழை பிடித்துக்கொண்டது; கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. வாசலில் ஜெனரேட்டர் ஓடினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்கள் என்று முதலாளி அதைக் கீழே சாமான் அறைக்குள் இறக்கினார். சாரலில் துணி நனையாமலிருக்க, படிக்கு மேலே வாசல் ஷட்டரையும் இழுத்து மூடச் சொன்னார். துணி மேல் அவருக்கு அவ்வளவு கரிசனம்!

“அக்கா, உன் இஸ்திரிப்பெட்டியை யாரோ என் மண்டைக்குள்ள வெச்சுட்டாங்க.”

“நடு ராத்திரி வரைக்கும் போனை நோண்டினா அப்படித்தான்டி இருக்கும்.”

ஆனால் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவளும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டு மேசைக்காரர் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் சிரித்தார். “அதெப்படி, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலி வருது? யாரு காதுல பூ சுத்துறீங்க?”

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்குப் பதில் தேடியிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும். அவர் அதை நக்கலாகக் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

வாயாடி தட்டுத்தடுமாறி படி ஏறி, ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி வெளியே போய், வாசலில் வாந்தியெடுத்துவிட்டு உட்கார்ந்தாள். வெளிக்காற்று பட்டதும் கண் கொஞ்சம் தெளிந்தது. பின்னாலேயே வந்த சூப்பர்வைசர் விரலில் மாட்டும் கருவியை அவளுக்கு மாட்டினார்.

“தொண்ணூத்தொன்பது! பள்ளிக்கூடத்துல என்னிக்காவது இவ்வளவு மார்க் வாங்கியிருக்கியா?”

கூடவே ஓடிவந்த அக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. “மெஷின் பொய் சொல்லாது, எழுந்திரு. உனக்கு எப்பவும் ரத்தம் கம்மி, அதான் நெஞ்சு படபடன்னு வருது.”

“நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்க்கா. நெஞ்சுதான் என்னை விட்டுட்டு ஓடுது.”

அக்கா கையைப் பிடித்து அவளைக் கீழே அழைத்துப் போனாள். ஷட்டர் மறுபடி இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் வாயாடி சட்டைக் குவியல்மேல் தலை சாய்த்தாள். அசந்து தூங்குகிறாள் என்று அக்கா விட்டுவிட்டாள். எழுப்பப் போனபோது கை துவண்டு விழுந்தது. தூக்க முயன்ற அக்காவின் காலும் மடங்கியது. யாரோ கத்த, யாரோ ஷட்டரைத் தூக்க, எல்லோரும் தவழ்ந்து வெளியேறினார்கள். வாயாடியை மட்டும் இரண்டு பேர் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரியில் கிடத்தியபோது உயிர் இல்லை. கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். நுரையீரல் இழுக்கும் காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்றிக்கொள்வது ரத்தத்தின் சிவப்பணு. அதை உடம்பெங்கும் அனுப்புவது இதயம். ஜெனரேட்டர் புகையில் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சுவாயு உண்டு. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது சப்பணமிட்டு அமர்ந்துவிடும், லேசில் எழுந்திருக்காது. மூளை மூச்சுக்குத் தவிக்கும். இதயம் இன்னும் வேகமாக அடித்து, இன்னும் அதிக ரத்தத்தை அனுப்பும். போய்ச் சேர்வதோ விஷம்.

“அப்ப அந்த மெஷின்?”

“ரத்தத்தோட செவப்பைப் பார்த்துத்தான் அது கணக்குச் சொல்லும்மா. இந்த வாயு ஏறினாலும் ரத்தம் செவப்பாத்தான் இருக்கும். அதுக்கு வித்தியாசம் தெரியாது.”

“நான் அவளைத் திரும்பக் கீழ கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா?”

“பொழைச்சிருப்பா.”

கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது எதை அளக்கிறது, எதை அளக்காது என்று கேட்காமல் கும்பிட்டால், கருவியும் கல்லுதான்.

முதலாளி வீடு தேடி வந்தார். “அவளுக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மின்னு நீயே சொன்னியாமே? அதையே போலீஸ்லயும் சொல்லிடும்மா.”

“சொன்னேன். தெரியாம சொன்னேன். நீங்க தெரிஞ்சே சொல்லச் சொல்றீங்க.”

ரத்தம் குறைவென்றால் பிராணவாயுவைச் சுமக்க ஆள் குறைவு. மற்றவர்களுக்கு முன்னால் அவள் சாய்ந்ததற்கு அது காரணம். செத்ததற்குக் காரணம் சாமான் அறையில் இருந்தது.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. பட்டறை திறந்தாகிவிட்டது, விசாரணை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் மழை வந்தால் அவள் வந்துவிடுகிறாள். ஷட்டருக்கு நேர் கீழே நின்றுகொள்கிறாள், யாராலும் இழுத்து மூட முடிவதில்லை.

“பைத்தியமா உனக்கு? தள்ளும்மா, துணியெல்லாம் நனையுது” என்றார் சூப்பர்வைசர்.

“நனைஞ்ச துணி காயும், சார்.”

படிக்குக் கீழே, காஜா எடுப்பவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். வெட்டு மேசைக்காரர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஆனால் எழுந்து வரவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்.

உங்களுக்கு அந்தப் பயம் இல்லையே? உங்கள் தெருவிலும் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள். உள்ளே இருப்பவர்களை முதலில் வெளியே வரச் சொல்லுங்கள்; பிறகு அதைத் திறந்தவெளிக்குத் தூக்கிப் போகச் சொல்லுங்கள். மறுத்தால், ஷட்டருக்குக் கீழே போய் நில்லுங்கள்.