நெல்ஸும் ஒஹாயோ கடிதங்களும்

கார்ன் ஃப்ளேக்ஸ் பெட்டியைக் கிழித்து, இரண்டு துண்டாக வெட்டி, நடுவே ஒரு பேஸ்பால் அட்டையை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார் நெல்ஸ் ஹோம். தபாலில் மூலை மடங்கிவிடக் கூடாது. ஒட்டுமுன் அதை ஒருமுறை மோந்து பார்த்தார். ஐம்பது வருஷத்துக்கு முன் சிகரெட் பாக்கெட்டுக்குள் வந்த ஆட்டக்காரர் படம் அது. "இன்னும் புகையிலை வாசம் போகல பாரு" என்று கடைக்கு வருகிறவர்களின் மூக்கருகே நீட்டுவார். யாருக்கும் ஒன்றும் வராது.

நெப்ராஸ்காவின் சிற்றூர் ஒன்றில், இரும்புக்கடையில் வேலை. வயது அறுபத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஆணி, திருகாணி இழுப்பறைகளுக்கு நடுவே நான்கு இழுப்பறை நிறைய இந்த அட்டைகள். பாதி, ஒஹாயோவிலிருந்து க்ளெமென்ட் ஹாஸ் அனுப்பியவை. பதினோரு வருஷமாக இருவரும் தபாலிலேயே அட்டை மாற்றி, தபாலிலேயே சண்டையும் போட்டார்கள். நேரில் பார்த்ததில்லை. ஹாஸ் தட்டச்சில் அடித்து அனுப்பும் ஏச்சுகளை நெல்ஸ் கடையில் உரக்கப் படிப்பார்.

"என்ன நெல்ஸ், சம்சாரம் கடுதாசி போட்டாச்சா?" என்பார் பக்கத்து முடிதிருத்தும் கடை ரஸ்.

"பொறாமைப்படாதய்யா. மின்சார பில்லைத் தவிர உனக்கு யாரு எழுதறா?"

இந்தக் கோடையிலிருந்து ஏச்சு குறைந்திருந்தது. மனுஷனுக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டார் நெல்ஸ்.

1962 அக்டோபர், நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் மோதிய பேஸ்பால் உலகத் தொடர் நடந்த வாரம். சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவில் இரண்டாம் நாளாக மழை; ஆட்டம் இல்லை. வானொலியைச் சுற்றி எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒஹாயோ கடிதம் வந்தது. நெல்ஸ் உரக்கப் படிக்கத் தொடங்கினார்: "செவ்வாயன்று நியூயார்க்கிலும் மழையாமே. மழை விட்டதும் இரண்டாம் பாதியை ஆடுவார்களா?"

அங்கேயே நிறுத்தினார். பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒன்பது சுற்று. இரண்டாம் பாதி என்று அதில் ஏது? அது ஹாஸுக்கா தெரியாது?

ரஸ் சிரித்தார். நெல்ஸ் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். முதல்முறையாக ஒஹாயோவுக்கு ட்ரங்க் கால் போட்டார்.

ஒரு பெண் எடுத்தாள். இவர் தன் பெயரைச் சொல்லி ஹாஸைக் கேட்டார். "அவரு மார்ச் மாசமே போயிட்டாருங்க" என்றாள். "நான் வெர்னா. அவர் சம்சாரம்."

"அப்ப இந்தக் கடிதமெல்லாம்…"

"நான்தான் அடிச்சேன். ஒவ்வொரு தடவையும் விஷயத்தைச் சொல்லிடலாம்னுதான் உட்காருவேன். ஆனா அவரு பேருக்கு ஒரு கடுதாசி வருது, அவரைத் திட்டி. அவரு இல்லைன்னு தெரியாத ஆள் உலகத்துல நீங்க ஒருத்தர்தான். அதை எப்படிங்க நான் கெடுப்பேன்?"

நெல்ஸுக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. "கஷ்டப்பட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைங்க. தூக்கத்துல." என்றவள், "இனிமே எழுத மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"வைக்கறேம்மா" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறன்று தேவாலயத்துக்குப் போகவில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்து 'அன்புள்ள வெர்னா' என்று எழுதினார். அதற்குமேல் ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு தாளின் நடுவே அளவுகோல் வைத்து, பேஸ்பால் மைதானமாக ஒரு சாய்சதுரம் வரைந்தார். கீழ் மூலையில் மட்டையோடு ஒரு குச்சி மனிதனை நிறுத்தி, பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதினார்: 'இங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்க வேண்டும்.'