வெயிலைச் சேர்த்து வைக்க வந்தவள்

கராஜ் கதவு பாதி எழும்புவதற்குள் நிலாணி மூக்கை உள்ளே விட்டுவிடுவாள். மின்னளக்கும் கருவியெல்லாம் பிறகுதான். "அன்ரி, நேற்றுக் கட்லற் பொரிச்சனீங்கள் என்ன?" என்பாள். புலம்பெயர்ந்த தமிழர் வீடுகளில் சோலார் பற்றரி பூட்டப் போகிறவளுக்கு முதல் எதிரி எண்ணெய்ச் சட்டி. வீட்டுக்குள் மணக்கக் கூடாதென்று பொரியலையெல்லாம் கராஜுக்கு அனுப்பிவிடுகிற சனமல்லவா நாங்கள்!

நாற்பதைத் தொடும் வயது, குள்ளமான உருவம், கம்பளித் தொப்பிக்குள் அடங்க மறுக்கும் தலைமயிர். மின்வேலைக்கு லைசென்ஸ் எடுத்தவள். அஜக்ஸ் நகரிலிருந்து தன் வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவாள். சூரியனுக்கு அவள் வைத்த பெயர் 'பெரியவர்'. மேகம் மூடினால், "பெரியவர் இண்டைக்கு சிக் லீவு." பற்றரியை வண்டியிலிருந்து இறக்கும்போது அதனோடும் பேச்சுத்தான்: "கவனம் ராசாத்தி, படி இருக்கு."

"நாடு முழுக்க சோலார் ஏறுது அக்கா. கூரையிலை, வயலிலை, எங்கை பார்த்தாலும்," என்றாள் என்னிடம் ஒருநாள். "சமைக்கப் பழகீட்டம். மிச்சத்தை எடுத்து வைக்க பிரிஜ் வேண்டாமோ? பற்றரிதான் அந்தப் பிரிஜ், அது இன்னும் காணாது."

அந்தக் குறை எவ்வளவு கொடியது என்பதை ரூஜ் பகுதியிலுள்ள எங்கள் தெரு இந்த வசந்தத்தில் கண்டது. பக்கத்து வீட்டு ஸ்ரீதரன் அண்ணைக்கு நுரையீரல் பலவீனம். மூக்கில் குழாய், அருகில் இரைந்துகொண்டிருக்கும் ஒட்சிசன் மெசின், அதுதான் அவர் உயிர். புயல் ஓய்ந்த மறுநாள் வானம் பளிச்சென்றிருக்க, தெருவெல்லாம் கரண்ட் இல்லை. கூரை நிறைய சோலார் தகடு. கூரைக்குக் கீழே மூச்சுக்குத் தவிக்கும் மனிதர். கைவசமிருந்த ஒட்சிசன் சிலிண்டரும் முடியும் தறுவாயில் அம்புலன்ஸ் வந்தது. அவர் மனைவி குணவதி அக்கா நடுத்தெருவில் நின்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

"தெருக் கரண்ட் நிண்டா கூரையிலை இருக்கிற உதுவும் தன்பாட்டிலை நிண்டிடும். இல்லாட்டி லைனிலை வேலை செய்யிற ஆக்களுக்குக் கரண்ட் அடிச்சிடுமெல்லோ," என்று நிலாணி விளக்கினாள். "பற்றரி இருந்தா, தெரு லைனை வெட்டிவிட்டு வீட்டை மட்டும் ஓட்டலாம்."

ஸ்ரீதரன் அண்ணை வீட்டுக்குப் பற்றரி வந்தது. ஆனால் கராஜில் அதைப் பூட்ட வசதியான ஒரே சுவரோடு குணவதி அக்காவின் காஸ் அடுப்பு ஒட்டிக்கொண்டு நின்றது. ஊர்ப் பிறந்தநாள்களுக்கெல்லாம் ரோல்ஸ் பொரித்து அனுப்பும் அடுப்பு.

"வேலையைச் சரிபார்க்க இன்ஸ்பெக்டர் வாற அண்டைக்கு அடுப்பை ஒளிச்சு வைப்பம் பிள்ளை. பிறகு கொண்டுவந்து வைக்கலாம்."

"இன்ஸ்பெக்டருக்கு ஒளிக்கலாம் அன்ரி. பற்றரிக்கு ஒளிக்கேலுமோ?"

"அப்ப நான் வேறை கொம்பனியைக் கூப்பிடுறன்!"

"கூப்பிடுங்கோ. ஆரும் வந்து பூட்டுவினம். உந்த நெருப்புக்குப் பக்கத்திலை பூட்டிப்போட்டு எனக்கு நித்திரை வராது."

நிலாணி தன் கருவிகளைப் பெட்டிக்குள் போடத் தொடங்கினாள். கராஜ் வாசலில் நின்ற நான் வானத்தைப் பார்த்தேன். இன்னொரு புயல் வந்தால்? அப்போது உள்கதவு திறந்தது. நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு ஸ்ரீதரன் அண்ணை நின்றார்.

"குணம்," என்றார், மூச்சு வாங்க. "உன்ரை ரோல்ஸ் எனக்கும் விருப்பம்தான். ஆனா அதைத் தின்ன நான் இருக்கோணுமப்பா."

குணவதி அக்கா அவரையே பார்த்தார். பிறகு குனிந்து, காஸ் சிலிண்டரைத் தானே கழற்றினார். அடுப்பின் மறுபக்கத்தை நிலாணி பிடித்தாள். இருவருமாகப் பின்வளவுக்குத் தூக்கிப் போனார்கள். "இஞ்சை ஒரு சின்னக் கூரை போடலாம் அன்ரி. நானே வந்து போட்டுத் தாறன்" என்ற அவளது குரல் மட்டும் கேட்டது.

பூட்டி, இன்ஸ்பெக்டரும் பார்த்துச் சரியென்ற பிறகு, சோதனை நாள். அண்ணையின் பக்கத்தில் புது ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றைத் தயாராக வைத்துவிட்டு வந்து, நிலாணி குணவதி அக்காவைத் தெருக் கரண்டை வெட்டும் மெயின் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"நீங்களே நிப்பாட்டுங்கோ."

"ஐயோ, நான் மாட்டன்!"

"நீங்கள் நிப்பாட்டினாத்தான் பயம் போகும்."

அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு இழுத்தார். டக். கராஜ் விளக்கு சிமிட்டக்கூட இல்லை. உள்ளே மெசின் அதே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலால் ஸ்ரீதரன் அண்ணையின் எரிச்சல் குரல்:

"என்னப்பா, எவ்வளவு நேரம்? நிப்பாட்டப் போறியளோ இல்லையோ?"

அக்கா கண்ணைத் திறந்தும், கை சுவிட்சை விடவில்லை. விட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்பதுபோல் அதை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். நிலாணி தன் கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினாள். பிறகு அந்த விரல்களை, அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.